ஆவாரம்பட்டு ஏரிக்கு நான் போகாத கார்த்திகை

கயல்விழி எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பொறியாளர். நான் ஓய்வு பெற்ற பிறகும், ஏதாவது சந்தேகம் என்றால் நெல்லித்தோப்பில் இருக்கும் என் வீட்டுக்கு ஸ்கூட்டரில் வந்து கேட்டுவிட்டுப் போவார். போன மாதம் வந்தபோது அவர் கையில் ஒரு பழைய அறிக்கையின் நகல் இருந்தது.

“சார், இது நீங்க எழுதினதுதானே? புதுசா சேர்றவங்களுக்கு இதத்தான் படிக்கக் குடுக்கறோம். ஒரு எடத்த ஆய்வு பண்ணா எப்பிடி எழுதணும்ன்றதுக்கு இதான் மாதிரி. ஒரு வார்த்த கூட வீண் இல்ல.”

பெயரைப் பார்த்தேன். ஆவாரம்பட்டு ஏரி. என் கையெழுத்துதான்.

“இப்ப அதே எடத்துல ஒரு பெரிய கிடங்கு கட்டலாம்னு பேச்சு வந்திருக்குது சார். உங்க ரிப்போர்ட்டையே சேத்துட்டா புதுசா ஆய்வு தேவப்படாதுன்றாங்க. நீங்க நம்ம ஓய்வூதியர் மலருக்கு ஒண்ணு எழுதுங்களேன். நல்ல அறிக்கை எழுதறது எப்பிடின்னு.”

எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்த அறிக்கையில் ஒரு பொய் இருக்கிறது. அதை எழுதியவன் நான்தான், யாரும் என்னை மிரட்டி எழுத வைக்கவில்லை. கயல்விழி கேட்ட கட்டுரை இது இல்லை. ஆனால் என்னிடம் இருப்பது இதுதான். ஊரின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதா கோவில் பள்ளிக்கூடம், பிறகு பொறியியல், பிறகு அரசு வேலை. இருபது வருடம் டிரான்ஸ்ஃபார்மரும் கம்பமும் புயலுக்குப் பின் அறுந்து விழுந்த கம்பியுமாகப் போயின. அரசாங்கம் சூரிய மின்சாரத்தில் பணம் போட ஆரம்பித்தபோது ஒரு சின்னப் பிரிவைத் திறந்தார்கள். அதில் என்னைப் போட்டார்கள். அதைத் தண்டனை என்றுதான் முதலில் நினைத்தேன்.

கருவடிக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் நாங்கள் முதன்முதலாகச் சூரிய மின்பலகைகள் பொருத்தினோம். அப்போது பழைய மீட்டர்தான், உள்ளே ஒரு தட்டு சுற்றும். ஞாயிற்றுக்கிழமை, பள்ளியில் ஒரு விசிறிகூட ஓடவில்லை. உச்சி வெயிலில் இணைப்பைக் கொடுத்தோம். ஏதோ ஒரு விளக்குக்காக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த தட்டு நின்றது. ஒரு நொடி யோசிப்பது போல் அசையாமல் இருந்தது. பிறகு பின்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. இருபது வருடம் முன்பக்கமாகச் சுற்றியதை மட்டுமே பார்த்தவன் நான். பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை சிலுவை போட்டுக்கொண்டார். “இன்னா சார் இது, கரண்டு நம்ம வூட்லேருந்து கவர்மெண்டுக்குப் போவுதா?” என்றார் வாட்ச்மேன். ஆமாம் என்றேன். “அப்ப அவங்களுக்கு நம்ம பில்லு போடலாமா?” என்று அவர் கேட்டதும் எல்லோரும் சிரித்தோம். நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தத் தட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று முதல் அந்த வேலையை மனதார நேசித்தேன். நேசித்த வேலையில்தான் நான் பொய் சொன்னேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எங்கள் மேலதிகாரி தனராசு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கீழே வேலை பார்ப்பவர் யாராக இருந்தாலும் “முசியே”, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் முசியேதான். எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். முடிவு முதலில் தெரிந்துவிட்டால், அது எங்கே இடறுகிறது என்று தேடுவது சுலபம் என்பார். பிடிக்காத வரி வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், பேனாவின் மூடியைப் போட்டு மேசையில் வைத்துவிடுவார். மூடி விழும் ‘டிக்’ சத்தத்துக்கு நாங்கள் பயந்தோம். “அரசாங்கப் பணம் மார்ச்சுல பழுக்கும் முசியே, ஏப்ரல்ல அழுகிப்போகும்” என்பது அவர் அடிக்கடி சொல்வது. அந்த வருடத்துக்கு ஒதுக்கிய பணத்தை மார்ச் முடிவதற்குள் ஏதாவது ஒரு திட்டத்தில் கட்டிப்போட வேண்டும். இல்லையென்றால் திரும்பிப் போய்விடும்.

இதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஓர் இடத்தில் சூரிய மின் நிலையம் அமைக்கலாமா என்று பார்க்க, படிவப்படி இரண்டு முறை நேரில் போக வேண்டும். கோடையில் ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறை. ஆனால் கோப்பு எங்கள் மேசைக்கு வருவதே தை மாதம்தான். மழை அதற்குள் போயிருக்கும். அடுத்த மழைவரை காத்திருந்தால் பணம் போய்விடும். எனவே கோடையில் ஒரு முறை போவோம். போன கார்த்திகையில் ஒரு தேதியைப் பார்த்து, படிவத்தில் இரண்டாவது நடைக்கான கட்டத்தில் எழுதுவோம். ‘நாற்காலி நடை’ என்று எங்களுக்குள் அதற்குப் பெயர். எல்லோரும் செய்தோம். வெட்டவெளிக் கட்டாந்தரையில் அதனால் ஒரு கேடும் வரவில்லை. கேடு வராததால் அது பொய் என்பதே மறந்துபோயிருந்தது.

ஆவாரம்பட்டு மூலக்குளத்தைத் தாண்டி மேற்கே இருக்கிறது. பங்குனி வெயிலில் போனேன். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேற்குப் பாதியில் ஆடுகள் மேய்ந்தன. சீமைக் கருவேலம் மண்டியிருந்தது. அதை வெட்டிவிட்டால் வேறு மரம் இல்லை, நிழல் இல்லை, மின்பாதை பக்கத்திலேயே இருந்தது. எங்கள் தொழிலில் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மூலைகளில் நான்கு எல்லைக் கல் நட்டுவிட்டுத் திரும்பினேன். ‘ஏரியின் மேற்குப் பாதி தூர்ந்துவிட்டது. மழைக்காலத்திலும் அங்கே நீர் ஏறுவதில்லை. தற்போதைய பயன்பாடு ஏதுமில்லை’ என்று எழுதி, இரண்டாவது நடையின் கட்டத்தில் கார்த்திகைத் தேதி ஒன்றைப் போட்டேன். தனராசு பின்னாலிருந்து படித்துக்கொண்டு வந்தார். மூடி விழவில்லை. “பியேன், முசியே” என்றார். நல்லது என்று பொருள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆவணியில் அந்த ஊர்ச் சமுதாயக் கூடத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கூட்டம் நிறைந்திருந்தது. ஏரிப் பாசனத்தை நம்பி அந்த ஊரில் நெல் போடுகிறார்கள். பாதி ஏரி போனால் பாதித் தண்ணீர் போகும். ஏரிச் சங்கத்தின் தலைவி அஞ்சலை. ஐம்பது வயது இருக்கும்; சொந்தமாக ஒரு காணி நிலம் வைத்து உழுபவர். அவர் என் அறிக்கையின் நகலோடு எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

“சார், நீங்க கார்த்திகயில வந்து பாத்ததா இதுல போட்டிருக்குது. மெய்தானா?”

“ஆமாம்மா.”

“தண்ணி இல்லயா?”

“அந்தப் பாதியில இல்ல. கால்கூட நனையல.”

“எந்த வழியா சார் போனீங்க?”

“கரைமேலதான். இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து பார்த்தேன்.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பெரிய சிரிப்பு இல்லை. வரிசை வரிசையாக ஓடி அடங்கியது. எனக்கு ஏன் என்று புரியவில்லை. அஞ்சலை சிரிக்கவில்லை. “சரி சார்” என்று உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து வெளியே டீக்கடையில் நின்றேன். அஞ்சலையே வந்தார்.

“கார்த்திகயில ஏரி ரொம்பி, கரை நடுவுல இருக்குற கலங்கல் வழியா தண்ணி வழிஞ்சி ஓடும் சார். கரைமேல அந்தக் கோடிக்கு மாடுகூடப் போவாது. ஊரச் சுத்திக்கினுதான் போவணும். இங்க கொழந்தக்கும் தெரியும் அது.”

கையில் கிளாஸோடு நின்றேன். “அப்ப ஏம்மா உள்ளயே சொல்லல?”

“சொன்னா உங்க வேல போவும். ஏரிக்கு என்னா கெடைக்கும்? வேற ஆபீசர் வருவாரு. அவரு உங்களவிட கொஞ்சம் நல்லாப் பொய் சொல்லுவாரு.” பிறகு கடைக்காரரிடம் திரும்பி, “அண்ணே, சாருக்கு இன்னொரு டீ போடு, மொகம் வெளுத்துப்போச்சு” என்றார்.

அந்த அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அவர்கள் கையில் இருந்தேன். அவர்கள் என்னை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, எது பலன் தருமோ அதைச் செய்யப் போனார்கள். என்ன செய்தார்கள் என்பது மார்கழியில்தான் தெரிந்தது.

அடுத்த சித்திரையில் சட்டமன்றத் தேர்தல். எங்கள் பக்கத்துத் தொகுதிகள் சின்னவை. ஒரு ஊர் சேர்ந்து நின்றால் முடிவே மாறிவிடும். ஓட்டுக் கேட்பவர்கள் பங்குனி வெயிலில்தான் வருவார்கள். அப்போது ஏரி காய்ந்திருக்கும். நான் பார்த்ததைத்தான் அவர்களும் பார்ப்பார்கள். எனவே ஆவாரம்பட்டுக்காரர்கள் ஒரு பத்திரிகை அடித்தார்கள். கல்யாணப் பத்திரிகை மாதிரி நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்து, எல்லாக் கட்சி அலுவலகத்துக்கும் பெண்கள் நேரில் போய்க் கொடுத்தார்கள். தாம்பாளத்தோடு வந்தவர்களை யாரால் திருப்பி அனுப்ப முடியும்? பத்திரிகையில் இவ்வளவுதான் இருந்தது: ‘எங்கள் ஏரி நிறைந்திருக்கிறது. ஓட்டுக் கேட்க விரும்புவோர் மார்கழியில் வந்து தண்ணீரில் நின்று கேட்கவும். பங்குனியில் வந்தால் பதில் சொல்ல மாட்டோம்.’

என்ன பேசுகிறார்கள் என்று குறிப்பு எடுத்து வரச் சொல்லி தனராசு என்னை அனுப்பினார். காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நான் ஏரியைப் பார்த்தேன். அதுவரை பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வெடித்த மண்ணும் ஆடும் இருந்த இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. வெயில் அதன் ஊடே வந்து தண்ணீர்மேல் படுத்திருந்தது. நாமக்கோழிகள் கருப்பு மிளகைக் கொட்டினாற்போல் பரவியிருந்தன. கருவேல மரங்கள் இடுப்பளவு நீரில் நின்றன. அவற்றின் உச்சியில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. எங்கிருந்தோ ஒரு வாத்துக் கூட்டம் இறங்கியது. இறங்கும்போது நூற்றுக்கணக்கான சிறகுகள் ஒரே நேரத்தில் காற்றை நிறுத்தும் சத்தம் கேட்டது. துணியைக் கிழிப்பதுபோல் இருந்தது. கையிலிருந்த நோட்டை மூடிவிட்டேன். ‘தற்போதைய பயன்பாடு ஏதுமில்லை’ என்று நான் எழுதியது இதைத்தான்.

நான் நட்ட நான்கு கற்களும் தண்ணீருக்குள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மூங்கில் நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அந்த நான்கு மூங்கிலுக்கு நடுவில்தான் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாக் கட்சிக்காரர்களும் இறங்கினார்கள். அப்போதைய சட்டமன்ற உறுப்பினரும் வந்திருந்தார். முழங்காலுக்கு மேல் தண்ணீர். “செருப்ப கழட்டிட்டு எறங்குங்க, ஓட்டு மாதிரி அதுவும் சேத்துல மாட்டிக்கும்” என்று கரையிலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார்.

அவர்கள் சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்வார்கள் என எதிர்பார்த்துப் போயிருந்தேன். அஞ்சலை ஒரு இருநூறு பக்க நோட்டைத் தூக்கிக் காட்டினார். “கரண்டு எங்களுக்கும் வேணும். பலகய ஏரியில போடாத, எங்க மாடியில போடு. எந்த மாடியில எவ்ளோ எடம் இருக்குதுன்னு இதுல எழுதியிருக்குது.”

நோட்டு என் கைக்கு வந்தது. வீடு, பள்ளிக்கூடம், நெல் மில், கல்யாண மண்டபம் என்று ஊரின் ஒவ்வொரு மொட்டை மாடிக்கும் ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் கட்டம் போட்டு நிழல் வரைந்திருந்தார்கள். எந்தத் தென்னையின் நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று மாடியில் சுண்ணாம்புக் கோடு கிழித்து, மணிக்கொரு முறை அளந்து எழுதியிருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் கருவி வைத்துச் செய்யும் வேலை அது. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வரைபடம் இருந்தது. ஏன் இரண்டு என்று கேட்டேன்.

“ஆவணியில சூரியன் தலைக்கு மேல போவுது. மார்கழியில தெக்கால சாஞ்சி போவுது. நெழலு மாறும்ல சார்? ரெண்டு தபா பாத்தாதான தெரியும்” என்றார் அஞ்சலை, குத்தலே இல்லாமல்.

படித்த பொறியாளன் நான் ஒரு முறை பார்த்தேன். அவர்கள் இரண்டு முறை பார்த்திருந்தார்கள்.

அப்போதுதான் அந்தச் சட்டமன்ற உறுப்பினர் என்னைப் பார்த்தார். “இன்ஜினியர், இங்க வாங்க. கார்த்திகையில நேர்ல பாத்தேன், தண்ணி இல்லன்னு எழுதியிருந்தீங்களே. இது என்ன?”

எல்லோரும் திரும்பினார்கள். நானும் நோட்டோடு தண்ணீரில்தான் நின்றிருந்தேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு அமைந்ததில்லை. நான் சொன்னது இது: “இந்த வருஷம் மழை கொஞ்சம் அதிகம் சார்.”

அந்த வருடம் மழை குறைவு. அஞ்சலை என்னருகே வந்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். “சார், கால்ல அட்டை ஏறியிருக்குது. கரைக்கு வாங்க” என்றார். கரையில் என்னை உட்கார வைத்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த உப்பை எடுத்து வைத்தார். அட்டை சுருண்டு விழுந்தது. என் ரத்தம் கணுக்கால் வழியாக ஓடியது. “ஒண்ணும் ஆவாது, கொஞ்ச நேரம் வரும், நின்னுபுடும்” என்று சொல்லிவிட்டு மறுபடி தண்ணீரில் இறங்கினார். ஒருவர்பின் ஒருவராக எல்லாக் கட்சிக்காரர்களும் ஏரியைத் தொட மாட்டோம், மாடிகளில் பணம் போடுவோம் என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார்கள். நான் கரையில் உட்கார்ந்து கேட்டேன்.

மறுநாள் அறிக்கையில் தவறு இருக்கிறது, கார்த்திகையில் நான் போகவில்லை என்று ஒரு பக்கம் எழுதி தனராசிடம் நீட்டினேன். படித்தார். பேனாவை மூடினார்.

“முசியே, உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்குது. இந்தக் காகிதம் உங்களது. உள்ள அனுப்பணும்னா அனுப்புங்க, நான் தடுக்க மாட்டேன். நான் படிக்கலன்னு வச்சிக்கறதும் உங்க இஷ்டம்.”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தது நான்.

தேர்தல் முடிந்தது. ஜெயித்தவர் வாக்கைக் காப்பாற்றினார். ஏரிக்கு ஒதுக்கியிருந்த பணம் மாடிகளுக்குத் திரும்பியது. அந்த நோட்டை வைத்துத்தான் பலகைகள் பொருத்தினோம். ஓரிடத்திலும் நிழல் கணக்குப் பிசகவில்லை. அந்த வேலைக்காக எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஏரிக் கோப்பை மூடும்போது ‘பொதுமக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது’ என்று எழுதினார்கள். அதாவது, பொய் சொன்னவனின் அறிக்கை சரியானது. உண்மை சொன்னவர்கள் நல்ல திட்டத்தைத் தடுத்தவர்கள். காகிதத்தில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அந்தக் காகிதம்தான் இப்போது ஒரு கிடங்கைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குத் திரும்பி வருகிறது.

கயல்விழி போன பிறகு என் மனைவி மேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தனை வருடத்தில் முதன்முறையாக. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? நான் என்ன ஆவாரம்பட்டா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். ஏரிச் சங்கத்தின் கூட்டம் அன்று. அஞ்சலைக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். கிடங்கு பற்றி அவர்களுக்குத் தெரியும். என் அறிக்கையைச் சேர்க்கப் போகிறார்கள் என்பது தெரியாது. சொன்னேன். அன்று பொய் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

“மன்னிப்ப வச்சிக்கினு நான் என்னா சார் பண்ணுவேன்? எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு மூணு காப்பி. ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு கலெக்டருக்கு, ஒண்ணு எங்க பீரோவுக்கு. எழுதினத எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்க.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கார்த்திகையில் நான் அந்த ஏரிக்குப் போகவில்லை, தேதி பொய், மார்கழியில் மேற்குப் பாதியில் முழங்காலுக்கு மேல் நீர் நின்றதை என் கண்ணால் பார்த்தேன், மழை அதிகம் என்று சொன்னதும் பொய். எழுந்து நின்று படித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அறுபது எழுபது பேர் இருந்தார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒரு இளைஞர் மட்டும், “இவர்மேல புகார் குடுக்கணும்க்கா” என்றார். “அத வேணாம்னு யார் சொன்னது, அப்பறம் பேசலாம். மொதல்ல காகிதத்த வாங்கு” என்றார் அஞ்சலை. அந்த இளைஞர் வந்து மூன்று பிரதிகளையும் வாங்கி, ஒவ்வொன்றிலும் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

மன்னித்தோம் என்றோ மாட்டோம் என்றோ யாரும் சொல்லவில்லை. என்னைப் போகச் சொல்லவும் இல்லை. அஞ்சலை நோட்டைப் புரட்டினார்.

“அடுத்தது மதகு. கீழ்மதகுப் பலகை உளுத்துப்போச்சு. மழைக்கு முன்ன மாத்தணும். மரப் பலகையா இரும்பா? மரம்ன்றவங்க கைய தூக்குங்க.”

எனக்கு முன்னால் வரிசை வரிசையாகக் கைகள் உயர்ந்தன. சேறு உலர்ந்த கைகள், வளையல் கைகள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணினார். அந்த ஊரில் எனக்கு ஓட்டு இல்லை. என் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.